சின்னப் புள்ளைங்க வகுப்பைத் தனியா எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?

கொட்டகலை_மேகம் | ஞாயிறு, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன், வயசு 23. எங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷன்ல சின்னதா ஒரு கிறிஸ்தவக் கோயில் இருக்கு, 30 குடும்பத்துக்கு மேல இருக்காது. ஓய்வுநாள் பாடசாலையில சின்னப் புள்ளைங்க வகுப்பை ஆறு வருசமா ஒரு அக்கா பாத்துக்கிட்டாங்க. அவங்க கல்யாணம் முடிச்சு கம்பளைக்குப் போயிட்டாங்க. போன வாரம் எங்க போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "நீ நல்லாப் பாடுவியே, இனி நீ எடு"ன்னு சொல்லிட்டாரு. எனக்கும் ஆசைதான். நானே அந்த வகுப்புல, அதே பாயில உக்காந்து படிச்சவ.

இன்னைக்கு மொத நாள். 14 புள்ளைங்க, மூணு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும். அதுல நாலு பேர் பக்கத்து லயத்து இந்துப் புள்ளைங்க, கூட்டாளிங்களோட சேர்ந்து வர்றவங்க. ஆராதனை 9 மணிக்குத் தொடங்கினா முடிய 10.30 ஆகும். அவ்வளவு நேரமும் கோயிலுக்குப் பின்னாடி இருக்க சாமான் அறையில வச்சுப் பாத்துக்கணும். ஒரே கதவு. உயரத்துல ஒரு சின்ன ஜன்னல். குளிருக்குக் கதவைச் சாத்தித்தான் வைப்பாங்க.

பாட்டு நல்லாப் போச்சு. கதை தொடங்கி அஞ்சு நிமிசம் ஆகல, ஒரு மூணு வயசுப் பொண்ணு பாவாடையை நனைச்சுட்டு அழ ஆரம்பிச்சுச்சு. கக்கூசுக்குக் கீழ பத்துப் படி எறங்கிப் போகணும். அவளைத் தூக்கிட்டுப் போய்க் கழுவி, என் சால்வையைச் சுத்தித் தூக்கிட்டு வந்தேன். வந்து எண்ணிப் பாத்தா மிச்சம் 13 இருக்கணும், 11தான் இருந்துச்சு. ரெண்டு பயலுக, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தையும் தாண்டி, கொழுந்து லொறி திரும்புற எடத்துல நின்னு கல்லு எறிஞ்சுக்கிட்டு இருந்தானுங்க. இன்னைக்குக் கொழுந்து எடுக்கல, அதனால லொறி வரல.

ஐயாகிட்ட சொன்னேன். "பழகப் பழக சரியாகும் புள்ள"ன்னாரு. வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிக்கல. நான் இதைத் தனியா எடுக்கலாமா? முடியாதுன்னு சொன்னா வகுப்பே நின்னு போயிரும், அதுக்கும் மனசு கேக்கல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மடுவத்து_அக்கா | ஞாயிறு, இரவு 9.15

தங்கச்சி, தனியா எடுக்காதீங்க.

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துப் புள்ளை மடுவத்துல, அதான் வேலைக்குப் போறவங்க புள்ளைங்களைப் பாத்துக்கிற எடத்துல, 11 வருசமா வேலை செய்றேன். இன்னைக்கு நடந்ததுக்கு நீங்க காரணம் இல்ல. உங்க எடத்துல நான் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஒரு புள்ளையைத் தூக்கிட்டுப் போனா மத்த 13 பேரும் பாக்க ஆள் இல்லாத புள்ளைங்க. மூணு வயசுப் புள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தா கதை முடியட்டும்னு காத்திருக்குமா? ஒவ்வொரு ஞாயிறும் இது வரும். அதனால ரெண்டாவது ஆள் இருந்தாத்தான் வகுப்புன்னு ஐயாகிட்ட மரியாதையா, ஆனா தெளிவாச் சொல்லிருங்க.

ரெண்டாவது ஆள்னா படிச்சவங்களா இருக்கணும்னு அவசியமில்ல. பாட வேணாம், கதை சொல்ல வேணாம். எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். ஒரு பாட்டி போதும்.

இன்னொண்ணு. மழை நாள்ல புள்ளைங்க தேயிலைக்குள்ள குறுக்குப் பாதையில எறங்கித்தான் வரும். வந்த உடனே பாட்டுக்கு முன்னாடி எல்லார் காலையும் பாருங்க, விரல் இடுக்கு, கணுக்காலு, மேசோட்டு மடிப்பு. அட்டை இருந்தா பிச்சு இழுக்காதீங்க. சவுக்காரத்தைத் தண்ணியில நனைச்சு அது மேல தேச்சா தானா விழுந்துரும். கடிச்ச எடத்துல ரத்தம் லேசுல நிக்காது, ஏன்னா ரத்தம் உறையாம இருக்க ஒரு சாரத்தை அது உள்ள விட்டுருது. சுத்தத் துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. புள்ளை பயந்து போய் நிக்கும். அந்த நேரம் அது காலை உங்க மடியில வச்சுக்கிட்டு சும்மா பேசிக்கிட்டே இருங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு புள்ளை நம்மகிட்ட ஒட்டுறது கதை கேக்கறப்போ இல்ல, இப்படிக் காலைக் கழுவி விடுறப்போதான்.

சபை_ஊழியன் | திங்கள், காலை 6.10

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மடுவத்து அக்கா சொல்றது சரிதான், ஆனா தோட்டத்து நெலமையையும் பாக்கணும். நானும் லிந்துலை பக்கம் ஒரு சின்ன சபையில நிர்வாகக் குழுவுல இருக்கேன். எங்க பொம்பளைங்க ஆறு நாளும் மலையில நிக்கிறவங்க. ஞாயிறு ஒரு நாள்தான் துணி தொவைக்க, விறகு பொறுக்க. கொழுந்து கூடின மாசம்னா அந்த ஞாயிறும் கைக்காசுக்குப் போயிருவாங்க. ஆராதனைக்கு வர்றதே பாதிப் பேர். ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது?

கொழும்புல பெரிய சபைங்கள்ல சட்டம் வச்சிருக்காங்க, ரெண்டு பேர் இருக்கணும், போலீஸ் அறிக்கை வேணும், அது இதுன்னு. அவங்களுக்கு ஆள் இருக்கு, காசு இருக்கு. அதை இங்க கொண்டு வந்தா வகுப்பு மூடிரும். மூடினா புள்ளைங்க லயத்து வாசல்ல போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். இங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க, எல்லாம் நம்ம புள்ளைங்க. யாரு என்ன செஞ்சிடப் போறா? மேகம் தங்கச்சி, கர்த்தர் மேல பாரத்தைப் போட்டு எடுங்க. ரெண்டு பயலுக வெளிய போனா கதவுக்குக் கொண்டி போட்டுக்கலாம்.

மடுவத்து_அக்கா | திங்கள், காலை 6.30

அண்ணே, உங்க நல்ல மனசு புரியுது. ஆனா கொண்டி மட்டும் போடச் சொல்லாதீங்க. 14 புள்ளைங்களை ஒரு அறையில அடைச்சு வெளியில கொண்டி போட்டுட்டு கீழ எறங்கிப் போறதா? ஒரு மெழுகுவத்தி போதாதா? லயத்துல தீப்பிடிச்சு எத்தனை வீடு போயிருக்குன்னு நமக்குத் தெரியாதா?

பழைய_பண்டாரவளை | திங்கள், பிற்பகல் 2.05

மகள், நான் பாடசாலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு வகுப்பில் அதைவிடக் கூடுதலான வருடங்கள். உங்கள் பதிவைப் படித்தபின் மதியம் தூக்கம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஞாயிறு பாடசாலை என்ற ஏற்பாடே நம்முடைய பிள்ளைகளைப் போன்றவர்களுக்காக உருவானது. 1780இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், ஆறு நாளும் வேலைக்குப் போய் ஞாயிறு மட்டும் தெருவில் நின்ற ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி எழுத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். நம் தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து போனார்கள். டிக்கோயாவில் வார்லி ஆலயம் போல 1878இல் கட்டிய கல் கோயில்கள் துரைமாருக்காக எழும்பியவை. எங்கள் பாட்டி எழுத்துப் படித்தது லயத்து வாசலில். போகிற வருகிற எல்லாருக்கும் தெரிய, ஒரு படங்கை விரித்து உட்கார்ந்து படித்ததாகச் சொல்லுவார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் வகுப்புக்கு அறை வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்களுக்குத் தொல்லை தருவது அந்தச் சாமான் அறைதான். அதை விட்டு வெளியே வாருங்கள்.

எங்கள் சபையிலும் ஆள் இல்லை. நாங்கள் செய்தது இது. பாட்டும் முதல் ஜெபமும் முடியும்வரை பிள்ளைகள் அம்மாமாரோடு கோயிலுக்குள்ளேயே இருக்கட்டும். பிரசங்கம் தொடங்கும்போது மட்டும் எழுந்து முன்வாசல் விறாந்தைக்கு வரட்டும். பிரசங்கம் முடிந்ததும் உள்ளே போய்விடட்டும். உங்களுடைய ஒன்றரை மணித்தியாலம் 35, 40 நிமிடமாகக் குறைந்துவிடும். கோயில் கதவு திறந்தே இருப்பதால் கடைசி வாங்கில் இருக்கிறவர்களுக்கு நீங்களும் தெரிவீர்கள், பிள்ளைகளும் தெரிவார்கள். குளிருக்குக் காற்று வரும் பக்கம் ஒரு படங்கைக் கட்டிவிடுங்கள். 40 நிமிடம் என்றால் ஒரு தாய் இல்லை என்று சொல்லமாட்டாள். ஆறு தாய்மார் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஆறு கிழமைக்கு ஒரு தடவைதான் வரும்.

40 நிமிடத்தையும் கதையால் நிரப்பப் பார்க்கவேண்டாம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடக் கதையே நிறைய. ஒரே கதையை நாலு ஞாயிறு சொல்லுங்கள். முதல் ஞாயிறு நீங்கள் சொல்லுவீர்கள், நாலாவது ஞாயிறு அவர்கள் உங்களுக்குச் சொல்லுவார்கள். கையில் பிடிக்க ஒன்று வேண்டும். கடுகு விதைக் கதைக்கு வீட்டுக் கடுகையே கொண்டுபோய் ஆளுக்கு ஒன்று உள்ளங்கையில் வையுங்கள். யோகட் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி அதில் ஊன்றட்டும். ஒரு பையன் என்னிடம், "டீச்சர், இது எங்கப்பா வேலை செய்ற தவறணை மாதிரி"என்றான். தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடையைச் சொன்னான். அன்றைக்கு முழு வகுப்பையும் அவன்தான் நடத்தினான், நிழல் போடவேண்டும், மண்ணை அழுத்தக்கூடாது என்று. மூன்றாம் நாளே கடுகு முளைவிடும். அடுத்த ஞாயிறு வரும்போது ஒவ்வொன்றும் பச்சையாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. நோவா கதையை எல்லாப் புத்தகத்திலும் சின்னப் பிள்ளைகளுக்கு என்று போட்டிருப்பார்கள், யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அழகாக இருக்கும் என்பதற்காக. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, எங்கள் பகுதியில் மழை தொடங்கினால் குடும்பம் குடும்பமாகப் பாடசாலை மண்டபத்தில் போய்ப் படுத்தார்கள். அந்த மாதத்தில் நான் யோசிக்காமல் நோவா கதையை எடுத்துவிட்டேன். ஐந்து வயதுப் பெண் ஒன்று கையைத் தூக்கி, "அந்தக் கப்பல்ல ஏறாத புள்ளைங்க எங்க போச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. அதன்பிறகு மழைக்காலத்தில் அந்தக் கதையைச் சின்ன வகுப்பில் நான் எடுப்பதில்லை. புத்தகத்தில் என்ன வரிசை இருந்தாலும் உங்கள் லயத்தில் அந்தக் கிழமை என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுக் கதையைத் தெரிவு செய்யுங்கள்.

சாமிமலை_தம்பி | திங்கள், இரவு 7.50

டீச்சர் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன்.

நான் ஆம்புளை, வயசு 20, தச்சு வேலை. எங்க கோயில்ல சின்னவங்களுக்குத் தபேலா வாசிச்சுப் பாட்டுச் சொல்லிக் குடுக்குறேன். போன வருசம் ஒரு நாலு வயசுப் பாப்பா வந்து என் மடியில ஏறி உக்காந்துச்சு. அவங்க அம்மா ஓடி வந்து, ஒரு வார்த்தை பேசாம தூக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு வேதனை. நான் என்ன தப்பு செஞ்சேன்? என் கூடப் பொறந்த தங்கச்சிங்க மூணு பேரையும் நான்தான் தூக்கி வளத்தேன். ஆம்புளைன்னா சந்தேகம்தானா? சபை ஊழியன் அண்ணன் சொன்ன மாதிரி, தெரிஞ்ச ஆளுங்க மேலயே சந்தேகப்பட்டா யாரு வருவா?

பெயர்_வேண்டாம் | திங்கள், இரவு 11.20

நானும் மலையகம்தான். எந்த ஊர், எந்தக் கோயில்னு எழுதல. எனக்கு அப்போ ஏழு வயசு. அந்த அறைக்கும் ஒரே கதவுதான். அவரையும் எல்லாரும் நம்ம ஆளுன்னுதான் சொன்னாங்க. அம்மாகிட்டச் சொல்ல எனக்கு 19 வருசம் ஆச்சு.

இதுக்கு மேல எழுத முடியல. மேகம் தங்கச்சி, டீச்சர் சொன்ன மாதிரி விறாந்தைக்கு வந்திருங்க.

பங்குப்பிள்ளை | செவ்வாய், காலை 5.45

பெயர் வேண்டாம்னு எழுதின உங்களுக்கு: நீங்க எழுதினதை நாங்க நம்புறோம். இங்க எழுதினதுக்கு நன்றி.

நான் நுவரெலியா பக்கம் கத்தோலிக்கப் பங்கு ஒண்ணுல மறைக்கல்வி ஆசிரியை. சாமிமலை தம்பி, உங்க வேதனை நியாயமானது. ஆனா யோசிச்சுப் பாருங்க, அன்னைக்குப் பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்திருந்தா அந்த அம்மா ஓடி வந்திருக்க மாட்டாங்க. உங்க மேல யாராவது ஒரு பழியைச் சொன்னா, "நானும் கூடவே இருந்தேன், அப்படி எதுவும் நடக்கல"ன்னு சொல்ல ஒரு வாய் வேணும். எங்க பங்குல மூணு அண்ணன்மார் இருக்காங்க, அவங்க இல்லாம ஒளிவிழாவே நடக்காது. புள்ளைங்களைக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறது, உடுப்பு மாத்துறது ரெண்டும் அம்மாமார் வேலை, அதுல அவங்க கை வைக்கிறதில்ல. மடியில வந்து உக்காந்தா மெதுவா எறக்கிப் பக்கத்துல உக்கார வச்சுக்குவாங்க. போதகரோ பாதரோ சிஸ்டரோ, எல்லாருக்கும் இதே ஒழுங்குதான். ஒருத்தருக்கு மட்டும் வச்சாத்தான் அது அவமானம்.

நாங்க செய்ற வேற சிலது. ஒரு சியார் கொப்பியில இடாப்பு வச்சிருக்கோம். பேர், வயசு, யார் கொண்டாந்து விட்டாங்க, யார் கூட்டிட்டுப் போனாங்க, அவசரத்துக்கு ஒரு போன் நம்பர். 2019 ஏப்ரல் 21ஆம் தேதிக்கு முன்னாடி இதெல்லாம் இருக்கல. அன்னைக்கு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்சுச் செத்தவங்கள்ல ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சின்னப் புள்ளைங்களும் இருந்தாங்க. அதுக்குப் பிறகு கோயில் திறந்த மொத நாள் எங்க வகுப்புல எத்தனை பேர் இருக்காங்கன்னு பாதர் கேட்டாரு. என்னால சரியான கணக்குச் சொல்ல முடியல. அன்னைக்குத் தொடங்கினது இந்தக் கொப்பி.

போட்டோ எடுத்துப் பேஸ்புக்ல போடுறதை நிப்பாட்டிட்டோம். தனிப்பட்ட முறையில ஒரு புள்ளைக்கு மட்டும் பரிசு குடுக்கிறதில்ல. ஒரு புள்ளை உடம்புல காயத்தோட வந்தாலோ, வீட்டுல நடக்கிற ஏதாவதைச் சொன்னாலோ, தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியமும் பண்ணிராதீங்க. கேட்டதை அப்படியே எழுதி வச்சுக்கிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட 1929க்கு அடிங்க. தமிழ்லயே பேசலாம். பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமை அலுவலரும் இருக்காங்க. கோயிலுக்குள்ளயே பேசித் தீத்துக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. அப்படிப் பேசித் தீத்ததாலதான் நேத்து ராத்திரி ஒருத்தங்க அப்படி எழுத வேண்டி வந்துச்சு.

சபை_ஊழியன் | செவ்வாய், இரவு 8.15

நேத்துக் காலையில நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். "யாரு என்ன செஞ்சிடப் போறா"ன்னு நான் எழுதின வார்த்தை அந்தச் சகோதரியையோ சகோதரனையோ எப்படிக் குத்தியிருக்கும்னு இன்னைக்கு முழுக்க நெனச்சுக்கிட்டே இருந்தேன். மன்னிச்சிருங்க.

எங்க கோயில்லயும் அதே மாதிரி ஒரு அறை இருக்கு. வர்ற குழுக் கூட்டத்துல பேசுறேன். கூட்டம் ஒத்துக்கலன்னா அந்தக் கதவை நானே கழட்டி வச்சிருவேன்.

லயத்து_அம்மா | புதன், பிற்பகல் 1.30

நான் இந்து. எங்க லயத்துல மாரியம்மன் கோயில் இருக்கு, பக்கத்துலயே சர்ச்சும் இருக்கு. என் மகன் அஞ்சு வயசு, கூட்டாளிங்களோட ஞாயிறு வகுப்புக்குப் போறான். நான் தடுக்கல. அந்தப் புள்ளைங்க நம்ம தேர்த் திருவிழாவுக்கு வந்து பொங்கல் சாப்பிடுது, நம்ம புள்ளை நத்தாருக்குப் போய்க் கேக் சாப்பிடுது. வகுப்புக்குப் போக ஆரம்பிச்ச பிறகு அவன் சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவுறான், கண்ணை மூடி நன்றி சொல்றான். நல்லதுதானே.

ஆனா ஒரு வெள்ளிக்கிழமை நான் விளக்கு ஏத்தும்போது வந்து, "ஏத்தாதீங்கம்மா, சாமி கோவிச்சுக்கிட்டு நெருப்புல போட்டுரும்"னான். ராத்திரி தூக்கத்துல எழும்பி என்னைக் கட்டிக்கிட்டு அழுதான், அம்மாவை நெருப்புல போட்டுருவாங்களான்னு கேட்டு. யார் அப்படிச் சொன்னாங்கன்னு நான் போய்ச் சண்டை போடல. அவனை மூணு மாசம் அனுப்பல, அவ்வளவுதான். இப்போ வேற டீச்சர் வந்திருக்காங்க, திரும்பப் போறான்.

மேகம் தங்கச்சி, உங்க வகுப்புல வர்ற அந்த நாலு புள்ளைங்க வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. என்ன சொல்லிக் குடுப்பீங்கன்னு அவங்க அம்மாகிட்டச் சொல்லுங்க. அனுப்ப விருப்பமான்னு கேளுங்க. எங்க வீட்டுக்கு அப்படி ஒருத்தர் வந்திருந்தா தேத்தண்ணி ஊத்திக் குடுத்து உக்கார வச்சிருப்பேன்.

கொட்டகலை_மேகம் | புதன், இரவு 9.05

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பெயர் வேண்டாம்னு எழுதினவங்களுக்காக இன்னைக்கு ஜெபம் பண்ணேன்.

லயத்து அம்மா, நாளைக்குப் பின்னேரமே நாலு வீட்டுக்கும் போறேன். நெருப்புக் கதையை என் வாயால நான் சொல்லமாட்டேன்.

ஐயாகிட்டப் பேசினேன். விறாந்தைன்னதும் "புள்ளைங்க சத்தம் பிரசங்கத்துக்கு இடைஞ்சல்"னாரு. ஒரு மாசம் பாப்போம்னு கேட்டேன், சரின்னாரு. முறைப் பட்டியலுக்கு அஞ்சு அம்மாமார் பேர் குடுத்திருக்காங்க, ஒரு ஆயாவும் சேர்ந்திருக்காங்க.

இன்னொரு கேள்வி. கல்லு எறிஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தன், அஞ்சு வயசு, மத்தப் புள்ளைங்களை அடிச்சுக்கிட்டே இருக்கான். கடிக்கிறான். முன்னாடி இருந்த அக்கா ஒரு குச்சி வச்சிருந்தாங்க, அதை எடுத்துக் காட்டினாலே உக்காந்துருவானாம். எனக்குக் குச்சி எடுக்க விருப்பமில்ல. வேற என்ன செய்றது?

மடுவத்து_அக்கா | புதன், இரவு 9.40

குச்சியை அடுப்புல வச்சிருங்க.

அந்தப் பையன் வீட்டுல யார் இருக்கான்னு கேட்டீங்களா? அம்மா இருக்காங்களா? எங்க மடுவத்துல கடிச்ச புள்ளைங்கள்ல ரொம்பப் பேருக்கு அம்மா கொழும்புல வீட்டு வேலையில, இல்லாட்டிக் குவைத்துல. ஆத்தாதான் வளக்கும், ஆத்தாவும் மலைக்குப் போயிரும். அந்தப் புள்ளைங்களுக்கு யாராவது ஒருத்தர் தன்னைத் திரும்பிப் பாக்கணும். கடிச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு அது கண்டுபிடிச்சு வச்சிருக்கு.

அவன் வந்ததும், கடிக்க நேரம் வர்றதுக்கு முன்னாடியே, கையில ஒரு வேலையைக் குடுங்க. பாய் விரிக்கிறது, பெஸ்டல் பெட்டியைக் கொண்டு போறது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுங்க. கடிச்சிட்டான்னா கடிபட்ட புள்ளையை மொதல்ல தூக்குங்க, அவனைத் திட்டாதீங்க. பிறகு அவன் ஒசரத்துக்குக் குனிஞ்சு, "கடிச்சா வலிக்கும், கடிக்க விடமாட்டேன்"னு ஒரே தடவை. உங்க பக்கத்துலயே வச்சுக்குங்க. ஒரு வாரத்துல மாறாது. ரெண்டு மாசம் குடுங்க.

பழைய_பண்டாரவளை | வியாழன், காலை 10.20

அக்கா சொன்ன அந்த இரண்டு மாதத்தை வைத்தே ஒன்று கேட்கிறேன், மகள். எவ்வளவு காலம் இருப்பீர்கள்?

எங்கள் சபைக்கு ஒரு காலத்தில் நகரத்திலிருந்து இளைஞர்கள் குழுவாக வந்தார்கள். கிற்றார், பலூன், பொம்மலாட்டம், எல்லாம் இருந்தது. பிள்ளைகள் பைத்தியமாகத் திரிந்தார்கள். ஐந்தாவது ஞாயிறு வரவில்லை. யாரும் சொல்லிவிட்டும் போகவில்லை. பிள்ளைகள் மூன்று கிழமை அந்த வளைவில் போய் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இளைஞர்கள் நல்ல பிள்ளைகள்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அம்மா டுபாய்க்குப் போகும்போதும் இதே வளைவில்தான் பஸ் ஏறினாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு வருடம் என்று உங்களுக்குள்ளேயே முடிவு எடுங்கள். வரமுடியாத ஞாயிறு இருந்தால் முந்தின ஞாயிறே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், உங்கள் இடத்தில் யார் வருவார் என்றும் சொல்லுங்கள். ஒரு நாள் திருமணமாகியோ வேலைக்கோ போக வேண்டிவரும். அப்போது கடைசி வகுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கூப்பிட்டு விடைபெறுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நினைக்கவேண்டாம். முந்தின டீச்சர் எங்கே என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா?

கொட்டகலை_மேகம் | வியாழன், இரவு 8.30

கேட்டாங்க டீச்சர். கடிக்கிற அந்தப் பையன்தான் கேட்டான். நான் "வந்துருவாங்க"ன்னு பொய் சொல்லிட்டேன். வர்ற ஞாயிறு அதைச் சரி பண்றேன்.

கொட்டகலை_மேகம் | சனி, இரவு 7.15 (எட்டு வாரத்துக்குப் பிறகு)

இழையை மறுபடி மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லாம இருக்க மனசு வரல.

விறாந்தையில எட்டு ஞாயிறு முடிஞ்சுருச்சு. ரெண்டு ஞாயிறு ரெண்டாவது ஆள் வரல. அந்த ரெண்டு நாளும் நான் வகுப்பு எடுக்கல, புள்ளைங்களோட கடைசி வாங்குல உக்காந்து படம் கீற வச்சேன். ஐயா பிரசங்கத்துக்கு நடுவுல ஒரு தடவை நிறுத்தி எங்க பக்கம் பாத்தாரு. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, ஆனா ஒண்ணும் சொல்லல. சத்தம் இடைஞ்சல்னு ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க. இப்போ பிரசங்கத்தையே கொஞ்சம் சுருக்கமா முடிக்கிறாரு.

நாலு வீட்டுக்கும் போனேன். ஒரு அம்மா விருப்பமில்லன்னாங்க, சரின்னு சொல்லிட்டு வந்தேன். மூணு பேர் வர்றாங்க. இப்போ இடாப்புல 13 பேர்.

கம்பளைக்குப் போன அக்காகிட்டப் பேசி, ஒரு ஞாயிறு வரச் சொன்னேன். அவங்க வந்து ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டு, தான் இனி கம்பளையிலதான் இருப்பேன்னு சொன்னாங்க. அந்தப் பையன் அவங்க பக்கம் போகவே இல்ல. தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அவங்க கெளம்பினதும் பஸ் மறையிற வரைக்கும் பாத்துட்டு வந்து பாயைச் சுருட்டினான். பாய் அவன் வேலை. அவனோட அம்மா குவைத்துல, மடுவத்து அக்கா சொன்னது சரி. இந்த மாசம் ஒரே ஒரு தடவைதான் கடிச்சான்.

கடுகு போட்டோம். 13 கோப்பையில ஒன்பது முளைச்சுச்சு, மிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் கடுகு போட்டிருக்கோம்.

சபை ஊழியன் அண்ணே, உங்க கோயில் கதவு என்னாச்சு?

சபை_ஊழியன் | சனி, இரவு 7.40

கழட்டியாச்சு தங்கச்சி. அதையே ரெண்டு பக்கமும் கல்லு வச்சு வாங்காப் போட்டிருக்கோம், அம்மாமார் உக்கார. கூட்டத்துல ரெண்டு மணித்தியாலம் பேச வேண்டி வந்துச்சு. கடைசியில எங்க வயசான மூப்பர் ஒருத்தர், அதுவரைக்கும் வாயே திறக்காதவர், எழும்பி "கழட்டுங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. ஏன்னு யாரும் கேக்கல.

சாமிமலை_தம்பி | சனி, இரவு 8.05

மேகம் அக்கா, பெஸ்டல் பெட்டி வைக்க ஒரு மரத் தட்டு செஞ்சு தரட்டுமா? பலகை மிச்சம் இருக்கு. 13 கோப்பை நிக்கிற மாதிரி ஓட்டை போட்டும் செய்யலாம். அளவு மட்டும் சொல்லுங்க.

கொட்டகலை_மேகம் | சனி, இரவு 8.20

14 ஓட்டை போடுங்க தம்பி, அந்த வீட்டுல நாளைக்கு மனசு மாறினாலும் மாறும். கோப்பையோட வாய் அகலம் நாளைக்கு அளந்து சொல்றேன்.

இங்க மத்தியானத்துல இருந்து மழை விடல. சவுக்காரம் ஒரு கட்டி வாங்கி, பழைய துணி நாலு கிழிச்சுப் பையில வச்சிருக்கேன்.